ஏழு டிராயர், நாலு சக்கரம்

12 செப்டம்பர் 2025, வெள்ளி

டூல்ஸ் வைக்கச் சக்கரம் போட்ட டிராயர் பெட்டி ஒன்று ஏற்பாடு செய்வது என்று முடிவாகிவிட்டது. வீட்டம்மாவுக்கும் சம்மதம். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சமையலறைப் பரணில் இருக்கும் டிரில் மெஷினும் கிரைண்டரும் இறங்கிவிட வேண்டும்.

சக்கரம் எதற்கு மாமா என்று மாப்பிள்ளை போனில் கேட்டார். ஓசூரில் ஃபிளாட்டில் இருப்பவருக்கு இது புரியாது. நம் பட்டறை என்பது வீட்டின் பக்கவாட்டில் ஷீட் இறக்கிய சார்ப்பு, பத்துக்குப் பன்னிரண்டு அடி. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் வீடு என்பதால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வரும் சொந்தக்காரர்கள் வண்டியை இங்கே விட்டுவிட்டுத்தான் 14 கிலோமீட்டரையும் நடக்கப் போவார்கள். சித்ரா பௌர்ணமி, தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். பைக்குகள் உள்ளே வர, மேஜையைத் தவிர மற்றதெல்லாம் ஓரங்கட்ட வேண்டும். நகராத பெட்டி இங்கே ஆகாது.

14 செப்டம்பர், ஞாயிறு

பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே போகப்போகிற சாமானைப் பார்க்கணும். காலை டிபன் முடிந்ததும் தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் கொட்டினேன். ராணிப்பேட்டையில் ஃபிட்டராக இருந்த காலத்திலிருந்து சேர்ந்தது. தகர டப்பா, ஐந்து தட்டு டூல் பாக்ஸ், அரிசிச் சாக்கு, பெயிண்ட் வாளி என்று ஆளுக்கொரு மூலையில் கிடந்தவை.

வகை பிரித்துக் குளியலறை எடை மிஷினில் வாளி வாளியாக வைத்து எடுத்தேன். டபுள் எண்ட், ரிங், காம்பினேஷன் ஸ்பேனர் எல்லாம் சேர்ந்து 19 கிலோ. பாக்ஸ் ஸ்பேனர் செட், ராட்செட், டி-ஹேண்டில் 14. பிளேயர், திருப்புளி வகை 8. அரம், உளி, பஞ்ச் 11. டாப்-டை, டிரில் பிட், ரீமர் 9. டிரில் மெஷின், கிரைண்டர், ஜிக்ஸா 13. சுத்தியல், பைப் ரின்ச், சி-கிளாம்ப், பேரிங் புல்லர் 38. மொத்தம் 112 கிலோ. வெர்னியர், மைக்ரோமீட்டரை எடையில் சேர்க்கவில்லை. அவை எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி, எவ்வளவு கனம் என்பதல்ல.

அடுத்து உயரம். இதுதான் கண்ணைத் திறந்துவிட்டது. ஸ்பேனரைப் படுக்க வைத்தால் ஒரு அங்குலம்கூட இல்லை. பிளேயர் ஒன்றரை. நம்மிடம் இருப்பதில் பாதிக்கு மேல் இரண்டரை அங்குலத்துக்குள் அடங்குகிற சாமான். ஆழமான டிராயரில் இவற்றைப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், 13 எம்.எம். ஸ்பேனர் எப்போதும் அடியில்தான் இருக்கும். அரத்தை அரத்தின்மேல் போடுவதோ பாவம், பல் மழுங்கிவிடும். ஆழமில்லாத டிராயர் நிறைய வேண்டும், ஆழமானது ஒன்று போதும். நோட்டில் எழுதிக்கொண்டேன்: மேலே மூன்று டிராயர் 3 அங்குலம், அடுத்த இரண்டு 4, அதற்கடுத்து 6, அடியில் 9. கூட்டினால் 32.

15 செப்டம்பர், திங்கள்

மாப்பிள்ளை லிங்க் லிங்க்காக அனுப்பியிருக்கிறார். சிவப்பு, சிவப்பு, கறுப்பு, மறுபடி சிவப்பு. விலை 26,000 முதல் 60,000 வரை. படத்தில் எல்லாம் பளபளப்பாகத்தான் இருக்கிறது.

நான் தேடியது மூன்றே மூன்று விஷயம்: தகடு எத்தனை கனம், டிராயர் முழுசாக வெளியே வருமா, சக்கரம் ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும். பெரும்பாலானவற்றில் மூன்றுமே இல்லை. கனம் போட்டிருந்த ஒன்றில் 0.6 மில்லிமீட்டர். பாரம் என்று போட்டிருந்தால் அது மொத்தப் பெட்டிக்கா, ஒரு டிராயருக்கா என்று தெரியவில்லை. எத்தனை டிராயர் என்பதை மட்டும் எல்லோரும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அதிலும் பாதி, மேலே மூன்று டிராயர் வைத்துக் கீழே பெரிய கதவு போட்ட மாடல். கதவுக்குள் மறுபடியும் சாக்கு மூட்டைதான்.

இந்தச் சாமான் நம் ஊரில் ஏன் சகஜமாக இல்லை என்று யோசித்தேன். அமெரிக்காவில் மெக்கானிக் தன் டூலைத் தானே வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவன். வேலை மாறினால் டூலும் கூடவே போகும். அதனால் பெட்டி அவனுக்கு அந்தஸ்து. டேட்டன் நகரத்து கெர்ஸ்ட்னர் கம்பெனி 1906இலேயே இதற்கென்று மரப்பெட்டி செய்ய ஆரம்பித்துவிட்டது. கென்னடி கம்பெனி 1911இல் வந்தது. ஸ்நாப்-ஆன் 1920இல் வந்தபோது அதன் கதையே ஒரு கைப்பிடிக்குப் பல சாக்கெட் என்பதில்தான் தொடங்குகிறது. நமக்கோ டூல் கம்பெனிச் சொத்து. பித்தளை டோக்கனைக் கொடுத்து டூல் ஸ்டோரில் வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நாம். சொந்த டூல் வைத்திருந்தவன் தோளில் பையை மாட்டிக்கொண்டு நடந்தான்.

ஆனால் தகடு மடித்துப் பெட்டி செய்வது நமக்குப் புதிதா என்ன? கோத்ரெஜ் 1923இல் இரும்பு பீரோ போட ஆரம்பித்ததிலிருந்து ஊருக்கு ஊர் பீரோ பட்டறை. திருவண்ணாமலையில் கல்யாண சீர்வரிசைக்குப் பீரோ அடிக்கிறவனால் ஏழு டிராயர் அடிக்க முடியாதா? சேனலும் சக்கரமும் நாம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று தோன்றுகிறது.

18 செப்டம்பர், வியாழன்

விடியற்காலை 4 மணி ரயிலில் சென்னை. 2024 மே மாதம் இந்த வண்டியைத் திருவண்ணாமலை வரை நீட்டியதிலிருந்து எனக்குப் பாரிமுனை பக்கத்து ஊராகிவிட்டது. 50 ரூபாய் டிக்கெட், பத்து மணிவாக்கில் பீச் ஸ்டேஷன், ரோட்டைத் தாண்டினால் கடைத்தெரு.

செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, பிராட்வே என்று ஒரு சுற்று. ஊர்க் கடைகளில் கிடைப்பது சமையலறை டிராயருக்குப் போடும் சேனல். கரண்டியைத் தாங்கும், கிளாம்பைத் தாங்காது. இங்கே ஒரு கடையில் பாய் நாலைந்து வகையைக் கவுண்டரில் பரப்பினார். உருளை மட்டும் வைத்த பழைய வகை முக்கால்வாசிதான் வெளியே வரும். பின்னால் இருக்கும் ஸ்பேனரைக் கையை விட்டுத் துழாவ வேண்டும். மூன்று அடுக்கு டெலஸ்கோபிக் சேனல் முழுசாக வருகிறது. 45 மில்லிமீட்டர் அகலம், ஜோடிக்கு 45 கிலோ.

சேனலை வாங்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முழுசாக இழுத்து, நுனியைப் பிடித்து இடவலமாக அசைத்துப் பார்க்கணும். முதல் கடையில் பார்த்தது கால் அங்குலம் ஆடியது. பாய் கொடுத்ததில் ஆட்டம் மிகக் கொஞ்சம். உள்ளே பந்துகள் ஓடும் சத்தமும் ஒரே சீராக இருந்தது. கிரீஸ் இல்லாத சேனல் கரகரக்கும்.

"பெரியவரே, அடி டிராயருக்கும் இதையே போடாதீங்க" என்றார் அவராகவே. சரிதான். 38 கிலோ சாமான், டிராயரின் எடை ஐந்து, விளிம்பில் நிற்கிறது. அதற்கு மட்டும் 53 மில்லிமீட்டர் அகலமுள்ள கனத்த சேனல் ஒரு ஜோடி. ஆனால் இது பக்கத்துக்கு முக்கால் அங்குலம் இடம் கேட்கும்; மற்றவை அரை அங்குலம்தான். ஆகவே அடி டிராயர் மற்றதைவிட அரை அங்குலம் குறுகலாக வர வேண்டும். மேஸ்திரியிடம் இதைச் சொல்ல மறந்தால் எல்லாம் வீண்.

சக்கரத்துக்கு வேறு தெரு. கணக்கு இதுதான்: சாமான் 112, பெட்டி எப்படியும் 60, ஆக 172. நாலால் வகுக்கக் கூடாது, மூன்றால்தான் வகுக்கணும். மேடுபள்ளமான தரையில் எந்த நேரமும் ஒரு சக்கரம் அந்தரத்தில் இருக்கும், பாரத்தை மூன்றுதான் சுமக்கும். சக்கரத்துக்கு 57 கிலோ வருகிறது. 100 கிலோ தாங்குவதாக வாங்கினேன். நைலான் கடினம், சிமெண்டுத் தரையில் தடதடக்கும், சின்னக் கல் சிக்கினாலும் நிற்கும். ரப்பர் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் மாதக்கணக்கில் பாரத்தோடு ஒரே இடத்தில் நின்றால் அடி தட்டையாகிவிடும். பி.யூ. (பாலியூரித்தேன்) இரண்டுக்கும் நடுவே. ஐந்து அங்குலம் விட்டம். சார்ப்புக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே இருக்கும் சாக்கடைக் கம்பியைத் தாண்ட மூன்று அங்குலச் சக்கரத்தால் ஆகாது.

நாலும் சுழலும் சக்கரமாக வேண்டாம் என்று உறுதியாக இருந்தேன். இரண்டு ஃபிக்ஸட், இரண்டு ரிவால்விங். ரிவால்விங் இரண்டிலும் பிரேக், கைப்பிடிப் பக்கம். நாலும் சுழன்றால் பெட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும்.

திரும்பும்போது மாலை ரயில். கால்களுக்கிடையில் சேனல் கட்டு. நம்ம ஊர் மகாரதத்தின் ஞாபகம் வந்தது. தேர்ச்சக்கரம் எதுவும் சுழன்று திரும்பாது. அவ்வளவு பெரிய தேரை மாட வீதி முனையில் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை போடுகிறவன் கை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்காரர்களை விட்டுவிடவில்லை. சார்ப்புத் தரையும் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துப் போட்டது. பிரேக்கோடு நானும் இரண்டு மரக்கட்டை சீவி வைத்துக்கொள்ளப் போகிறேன்.

20 செப்டம்பர், சனி

வேட்டவலம் ரோட்டுப் பக்கம் ஒரு பீரோ பட்டறை. மேஸ்திரி படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், பீரோவுக்குள்ள பீரோவா?" என்றார். பிறகு சேனலை வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்தார். அந்த நிமிஷமே ஆள் வேலைக்குள் வந்துவிட்டார் என்று தெரிந்தது.

உடம்பு 18 கேஜ், டிராயர் 20 கேஜ் என்று பேச்சு. அவர் எல்லாமே 22இல் அடித்துத் தருகிறேன், பீரோவே அதில்தான் போகிறது என்றார். பீரோவில் புடவை இருக்கிறது, இதில் இரும்பு இருக்கிறது என்றேன். எட்டுக்கு நாலு ஷீட் 18 கேஜில் 28 கிலோ, 20 கேஜில் 21, 22 கேஜில் 16 சொச்சம். விலை கிலோக் கணக்கு என்பதால் அவர் தயக்கமும் நியாயம்தான். கடைசியில் கூலி, தகடு சேர்த்து 13,500. பவுடர் கோட்டிங் தனியாக 1,800.

அகலம் 27 அங்குலம், ஆழம் 18, உயரம் 34, சக்கரத்தோடு 40. அந்த உயரம் என் முழங்கை மட்டம். சாமானைப் பரப்பி வைக்க வசதி, சுத்தியல் பிடிக்க வசதியில்லை. அதனால் மேலே வைஸ் மாட்டுகிற யோசனையை விட்டேன். வைஸ் மேஜையிலேயே இருக்கட்டும்.

கெடு கேட்டேன். "ஆயுத பூஜைக்கு முன்னாடி ஒத்துக்க மாட்டேன் சார். அப்புறம் பௌர்ணமி ரெண்டு நாள் வண்டி உள்ள வராது. நடுவுல ஒரு நாள் புடிச்சுத் தர்றேன்."

22 செப்டம்பர், திங்கள்

இன்று முதல் ஜி.எஸ்.டி. குறைப்பு. டி.வி., ஏ.சி. எல்லாம் 28இலிருந்து 18. இரும்புச் சாமானுக்கு அதே 18தான். மாப்பிள்ளைக்குத்தான் ஏமாற்றம்.

26 செப்டம்பர், வெள்ளி

பட்டறைக்குப் போனேன். முதலில் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்துத் தகட்டை அளந்தேன். 1.19, 0.88. மேஸ்திரி சிரித்தார், கோபப்படவில்லை.

டிராயர் மடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பையன், இருபது வயதிருக்கும். தகட்டின் மூலைகளைச் சதுரமாக வெட்டி எடுத்து, பெண்டிங் மிஷினில் நாலு பக்கமும் நிமிர்த்துகிறான். நிமிர்த்துமுன் மேல் விளிம்பைக் கால் அங்குலத்துக்கு உள்பக்கம் மடக்கி, மரச்சுத்தியலால் தட்டிப் படுக்க வைக்கிறான். இந்த ஒரு மடிப்பில் இரண்டு காரியம்: தகடு விறைக்கிறது, கையைக் கிழிக்காது. பெட்டி வாங்குகிறவர்கள் டிராயர் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாலே போதும், செய்தவனின் லட்சணம் தெரிந்துவிடும். மூலைக்கு மூன்று ஸ்பாட் வெல்டிங். கடைசியில் மூலைக்கு மூலை டேப் பிடித்துக் குறுக்களவு பார்த்தான். இரண்டும் ஒத்துப்போனால்தான் சதுரம், இல்லாவிட்டால் சேனல் இறுகும். அரை நூல் வித்தியாசம் வந்த ஒன்றை நான் சொல்லாமலே பிரித்தான். "தம்பி, எங்கப்பா படிச்ச?" என்றேன். ஐ.டி.ஐ. இல்லையாம், பார்த்துப் பழகியதாம்.

ஒரு டிராயர் திறந்திருக்கும்போது மற்றது திறக்காதபடி பூட்டு போட முடியுமா என்று கேட்டேன். ஆபீஸ் ஃபைல் கேபினெட்டில் அந்த ஏற்பாடு இருக்கும். அது நம்மிடம் ஆகாது என்றார் மேஸ்திரி, பட்டென்று. வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். அடியில் இருக்கும் கனமான டிராயர் ஒன்று மட்டும் முழுசாக வெளியே வந்தால் பெட்டி சாயாது, நல்ல மிச்சம் இருக்கிறது. ஏழையும் ஒன்றாக இழுத்தால் சந்தேகமில்லாமல் முகங்குப்புற விழும். பேரன் லீவுக்கு வருகிறான். ஆகவே முன்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு பட்டைக் கம்பி, கீல் போட்டு, பூட்டு மாட்டுகிற மாதிரி. வேலை இல்லாத நேரம் பூட்டியே இருக்கும்.

நிறம் வெளியே என்னவோ போடுங்கள், டிராயர் உள்ளே வெளிர் சாம்பல் என்று எழுதிக் கொடுத்தேன். கறுப்பு டிராயருக்குள் விழுந்த கிரப் ஸ்க்ரூவை இந்த வயதில் தேட முடியாது.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

பெட்டி வரவில்லை, வராது என்று தெரியும். டூல்ஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பழைய வேட்டியில் வரிசையாகப் பரப்பி, சந்தனம் குங்குமம். வீட்டம்மா தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்தாள். பொரி, கடலை, சுண்டல். பூசணிக்காயை வாசலில் உடைக்காதே, பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுவான் என்று வருஷா வருஷம் சொல்வதை இந்த வருஷமும் சொன்னேன்.

இன்று எதையும் எடுத்து வேலை செய்யக்கூடாது. ஆனால் பார்க்கலாம் அல்லவா? வேட்டியில் பரப்பியிருந்தபடியே டிராயர் அளவுக்கு, உள்ளே 25க்கு 16 அங்குலம், சாக்பீஸால் தரையில் ஏழு கட்டம் போட்டு எது எங்கே என்று குறித்துக்கொண்டேன். ஸ்பேனருக்கு ஒரு கட்டம் போதவில்லை. ரிங் ஸ்பேனரைத் தனியாகப் பிரித்து இரண்டாவது டிராயருக்கு அனுப்பினேன். ஹாக்ஸா ஃபிரேம் நாலாவதில் குறுக்கே படுக்கிறது. வெர்னியரும் மைக்ரோமீட்டரும் மூன்றாவதில், தனியாக, பக்கத்தில் எதுவும் இல்லாமல்.

4 அக்டோபர், சனி

குட்டி யானையில் வந்து இறங்கியது. நாலு பேர் பிடித்தார்கள். முதல் வேலையாக ஏழு டிராயரையும் கழற்றி வெறும் கூட்டைத் தள்ளிப் பார்த்தேன். சாக்கடைக் கம்பியை ஃபிக்ஸட் சக்கரம் தாண்டியது, ரிவால்விங் பக்கம் தயங்கியது. கம்பி போன திசையிலேயே சக்கரமும் திரும்பி இடுக்கில் உட்காரப் பார்க்கிறது. கம்பியின் மேல் ஆறு மில்லிமீட்டர் செக்கர் பிளேட் ஒரு துண்டு போட்டதும் சரியாகிவிட்டது. மேஸ்திரியே பட்டறையிலிருந்து கொண்டு வந்து போட்டார், காசு வாங்கவில்லை.

அடி டிராயர் அரை அங்குலம் குறுகலாகவே வந்திருக்கிறது. பவுடர் கோட்டிங்கைச் சூளையில் 180 டிகிரிக்கு மேல் வேக வைத்து எடுக்கிறார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

நாள் பூராவும் அடுக்கினேன். கனமானதை முதலில், அடியில். டிராயருக்குள் வெல்வெட் துணி விரிக்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். மார்கழிப் பனியில் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சன்ன ரப்பர் மேட் வெட்டிப் போட்டேன். அளவுக் கருவி டிராயரில் மட்டும் நாலு கற்பூர வில்லை, பழைய ஃபிட்டர்கள் துருவுக்குச் செய்கிற வழக்கம். வீட்டம்மா மோந்து பார்த்துவிட்டு, சாமி ரூமில் குறைந்தது இதுதானா என்றாள்.

எல்லாம் அடுக்கி முடித்த பிறகும் ஐந்தாவதில் பாதி காலி. பாபின், ஊசி, கத்தரி, இஞ்சு டேப் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டன. நான் ஒன்றும் சொல்லவில்லை. பரணிலிருந்து டிரில் மெஷின் இறங்கியது, அவளுடைய கணக்கு அவளுக்கு.

6 அக்டோபர், திங்கள். பௌர்ணமி

மத்தியானத்திலிருந்தே வண்டிகள். பெட்டியை ஒரு கையால் தள்ளி மேஜைக்கும் சுவருக்கும் இடையில் விட்டேன். சத்தம் இல்லை. பிரேக், கூடவே இரண்டு கட்டை.

செய்யாறு சகலை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "எவ்வளவு ஆச்சுண்ணே?" சேனல் ஆறு ஜோடி 2,280, கனத்தது ஒரு ஜோடி 1,450, சக்கரம் 2,320, மேஸ்திரிக்கு 13,500, பெயிண்ட் 1,800, வண்டி 500. மொத்தம் 21,850. ஆன்லைனில் 26,000த்துக்கு லைட் வைத்ததே வருதே என்றார். தகடு எத்தனை கனம் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிரிவலத்துக்குக் கிளம்பிவிட்டார்.

தள்ளும்போது வலது ரிவால்விங் சக்கரத்தில் லேசான ஆட்டம் தெரிந்தது. போல்ட்டில் போட்டிருப்பது சாதா நட்டும் ஸ்பிரிங் வாஷரும்தான். கூட்டம் கலைந்ததும் தேரடித் தெருவில் 8 எம்.எம். நைலாக் நட் பதினாறு வாங்கி நாலு சக்கரத்துக்கும் மாற்றணும்.